முபாறக் மச்சான் சொன்ன படக்கதை

முபாறக் மச்சான் என் அக்கா மர்ஷூதா ராத்தாவின் கணவர். சாய்ந்தமருதில் கடலுக்குப் போகிறவர். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பிணக்கு முற்றினால் வெளியே போக வேண்டியவரும் அவர்தான்.

ஏழு மாதத்துக்கு முன் அவர்களின் மூன்று வயது மகள் றிபா டெங்குக் காய்ச்சலில் மௌத்தானாள். ஜனாஸா அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் மச்சானின் கையைப் பிடித்து, “சபுர் செய்யுங்க” என்றார்கள். பொறுமையாக இருக்கச் சொன்னதை, வாயைத் தைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் மனிதர். அழவில்லை. மகளின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பகிடி விட்டுச் சிரிக்க வைக்கலாமென்று அவர் செருப்புக்குள் நண்டு விட்டுப் பார்த்தேன். நண்டைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

ராத்தா பொறுமை இழந்தாள். “மரக்குத்தியோட எனக்குக் குடும்பம் நடத்த ஏலா. ஒண்டில் டொக்டரிட்டப் போங்க, இல்லாட்டி உங்கட உம்மாட ஊட்ட போங்க.”

பிரஷர் மருந்தெடுக்க என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, கல்முனையில் உளவள ஆலோசகர் சசிகரன் சேரிடம் அவரைக் கூட்டிப்போனேன். வாய் திறக்காதவர்களுக்குச் சேர் சினிமாத் துண்டுகளைக் காட்டுவார். ஒரு படத்தில் ஒருவன் மழையில் நனைந்தபடி நின்றான்.

“நானா, இவருக்கு மனசில என்ன?” என்று மச்சானை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் சேர்.

“தடிமன் புடிக்கும் சேர்.”

அடுத்ததில் ஒரு பெண் பீங்கான்களை உடைத்தாள்.

“இவவுக்கு?”

“சாமான் விலை தெரியா.”

எனக்குச் சிரிப்பு வெடித்தது. சேர் சிரிக்கவில்லை. முழுப் படமொன்றைப் பென்டிரைவில் போட்டுத் தந்தார். “வீட்ட மனைவியோட பாருங்க. முடிஞ்சதும் கதைய நீங்க அவவுக்குச் சொல்லுங்க.”

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு படத்தைப் போட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தச்சன் ஒருவன் அலுமாரி செய்துகொண்டே இருந்தான். வேறொன்றும் நடக்கவில்லை. கொட்டாவி விட்டேன்.

“இப்ப சொல்லுங்க,” என்றாள் ராத்தா.

மச்சான் அணைந்த திரையையே பார்த்தார். “அவன் இருட்டோட, சுபஹுக்கு முந்திப் புள்ளயக் கொஞ்சினான். மேலெல்லாம் கொதிச்சிச்சி. தோணிக்கு நேரமாகிட்டெண்டு போயிட்டான். பொஞ்சாதிய எழுப்பிச் சொல்லவும் இல்ல.”

படத்தில் தோணியே இல்லை. ‘மச்சான், அது வேற படம்’ என்று வாய்வரை வந்தது. ராத்தாவின் முகத்தைக் கண்டு விழுங்கிக்கொண்டேன். மச்சான் கடலுக்குப் போன மறுநாள்தான் காய்ச்சல் தொடங்கியதென்று ஆஸ்பத்திரியில் சொன்னவள் அவள்; டெங்குக்கு அங்கே நாள் கணக்குப் பார்த்துத்தான் மருந்து செய்வார்கள்.

“முதல் நாளே சுட்டிச்சா?”

“ஓம்.”

“அவன்ட புள்ளைக்கா, உங்கட புள்ளைக்கா?”

“றிபாக்கு,” என்றார் மச்சான். பிறகு சத்தம் போட்டு அழுதார்.

ராத்தா அவரைத் தேற்றவில்லை. சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்து முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

“போங்க எண்டு சொல்ல மாட்டன். ஆனா இப்ப என்னைத் தொடாதீங்க.”

அடுத்த கிழமை கல்முனைக்கு ராத்தாவும் வந்தாள். ஓட்டோவில் தங்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். வழி முழுக்க நான் ஒரு பகிடியும் விடவில்லை.