புளி போட்டு விளக்கிய மணி

ஜப்பான்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நடந்தது இது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் பின்பால் மேசைகளைப் பழுது பார்ப்பது என் வேலை. இரும்புக் குண்டு உருண்டுபோய் முட்டினால், பலகைக்கு அடியில் இரண்டு பித்தளைத் தகடுகள் ஒன்றையொன்று தொடும், மணி அடிக்கும். தகடு கறுத்தால் மணி ஊமையாகிவிடும். தடித்த காகிதத் துண்டை நடுவில் செருகி மெல்ல இழுத்துத் துடைப்பேன். உப்புத்தாளும் கூடாது, ஈரமும் கூடாது.

வாரம் தவறாமல் ஒரு ஜப்பானிய அதிகாரி விளையாட வருவார். ஒருமுறை மணி அடிக்கவில்லை. என் கன்னத்தில் விட்டார் ஓர் அறை. இன்னொரு தடவை ஊமையானால் என்னைக் கொண்டுபோய்விடுவதாகச் சைகையில் சொன்னார். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று ஊருக்கே தெரியும்.

பூங்கா வாசலில் டிக்கெட் விற்கும் அக்காவுக்கு என் மேல் பாசம். அடுத்த வாரம் அரிசி வரிசையில் நின்றுவிட்டு நான் வந்தபோது, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"தம்பி, ஒன் பித்தளையெல்லாம் கறுத்துக் கெடந்துச்சுலா. குத்துவெளக்குக்குப் போடற மாதிரி புளி போட்டுத் தேச்சு வச்சிருக்கேன். இனிமே ஒன்ன யாரு அடிக்கிறான்னு பாக்குறேன்."

குனிந்து பார்த்தேன். தகடுகள் தங்கமாக மின்னின, மறுக்க முடியாது. ஆனால் இடுக்கெல்லாம் புளிப் பிசுக்கு. தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்குமென்று அலசவில்லையாம். அந்தப் பஞ்சத்தில் எனக்காகப் புளியைச் செலவழித்தவரை என்னவென்று திட்டுவது? காகிதத்தைத் தேடுவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். எல்லோரும் இடுப்பு வரை குனிந்து வணங்கினோம்.

முதல் குண்டு முட்டியது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தகடுகள் ஒட்டிக்கொண்டன. நேச நாட்டு விமானங்கள் குண்டு போட வந்துபோகத் தொடங்கியிருந்த சமயம் அது. அபாயமணி என்று நினைத்த அதிகாரி, இடுப்பு வாள் தரையில் தட்ட, மேசைக்கு அடியில் பாய்ந்துவிட்டார்.

சுற்றியிருந்த கூட்டம் நின்று பார்த்தது. யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அவர் எழுந்து, நிற்கிற எங்களைப் பார்த்தால் தொலைந்தோம்.

"படுங்க எல்லாரும்! தியாராப்!" என்று தமிழிலும் மலாயிலும் அதட்டிவிட்டு, அக்கா தன் கனத்த உடம்போடு தரையில் விழுந்தார். அவரைப் பார்த்து மீ நூடுல்ஸ் விற்றவர் உட்பட மொத்தக் கூட்டமும் குப்புறப் படுத்தது.

நான் மேசைக்கு அடியில் ஊர்ந்தேன். மேசையின் அடிப்பலகை எப்போதோ அடுப்புக்கு விறகாகப் போயிருந்தது நல்லதாயிற்று. என் மூக்கும் அதிகாரியின் மூக்கும் இடிக்காத குறை. அவர் கண்ணை இறுக மூடியிருந்தார், உதடு துடித்தது. என்னைவிடச் சின்ன வயது என்பதை அப்போதுதான் கவனித்தேன். பாவமாகக்கூட இருந்தது. கையை மேலே விட்டுத் தகடுகளைப் பிரித்தேன். மணி நின்றது.

அவர் எழுந்து தூசி தட்டினார். தரையில் கிடந்த எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டிப் போய்விட்டார். நல்ல பயிற்சி பெற்ற கூட்டம் என்று நினைத்திருப்பார்.

அக்கா சேலையை உதறிக்கொண்டே கேட்டார்: "மணி நல்லா அடிச்சுச்சுதானே தம்பி?"

பயத்தில் ஒருவர் விழுந்து கிடப்பதை நின்று வேடிக்கை பார்க்க இன்றும் எனக்கு மனம் வருவதில்லை; முடிந்தால் பக்கத்தில் நானும் படுத்துவிடுகிறேன்.