நீல வெளிச்சத்தில் தெரிந்தது

முதல் தடவை சிறுநீரில் ரத்தம் போனபோது வலியே இல்லை. மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆகியிருந்ததால், அதுதான் திரும்பிவிட்டதோ என்று குழம்பினேன். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் லேத் பட்டறைக்குப் பக்கத்துக் கிளினிக்கில் நீர்க்கடுப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை.

"சூடுதான் அம்மணி" என்று என் வீட்டுக்காரர் தினமும் இளநீர் வாங்கி வந்தார். அந்தக் கோடை முழுக்க இப்படியே போனது.

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. குழாய் விட்டு அதை எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை என்றார் டாக்டரம்மா. சில மாதம் கழித்து மறுபடி கேமரா விட்டுப் பார்த்தபோது பை சுத்தமாக இருந்தது. அன்று வீட்டுக்காரர் சுற்றிக்கொண்டு உக்கடம் போய் மீன் வாங்கினார். நான் அதை வறுத்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவே போன் செய்தார்.

"கேமராவுல ஒண்ணுமே தெரியலீங்கம்மா. ஆனா முன்னமே எடுத்த நீர் டெஸ்ட்ல கேன்சர் செல்லு வந்திருக்குதுங்க. எங்கியோ ஒளிஞ்சிருக்குது. ஒருக்கா நேர்ல வாங்க."

நேரில் போனபோது விளக்கினார். ஒரு மருந்தைப் பைக்குள் விட்டு ஒரு மணி நேரம் வைத்திருப்பார்களாம். கெட்ட செல்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நீல வெளிச்சம் அடித்தால் அவை மட்டும் ரோஸ் நிறத்தில் மினுங்கும்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் வெடித்தார். "கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு இன்னொருக்கா ஆபரேசனா? போதும் உடு."

"எனக்குப் பாத்துப்போடோணுமுங்க. இல்லீன்னா நான் நிம்மதியா இருக்க மாட்டேன்" என்றேன். வீடு வரும்வரை முணுமுணுத்தவர், ஆபரேசன் அன்று அவரே என்னைக் கூட்டிப்போனார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். விழித்துத்தான் இருந்தேன். திரை எனக்கும் தெரிந்தது. வெள்ளை வெளிச்சத்தில் பையின் சுவர் வெளுப்பாக, மெல்லிய நரம்புகளோடு இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு டாக்டரம்மா வெளிச்சத்தை மாற்றினார். திரை முழுக்க நீலமானது. கேமரா மெல்ல இடது பக்கம் திரும்பியது. அங்கே சாயம் தெறித்த மாதிரி ஒரு ரோஸ் திட்டு. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் கீழே சின்னதாய்ச் சில.

"இருக்குதுங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

மீன் வறுத்த அன்றும் அது எனக்குள்ளே இருந்திருக்கிறது. அழக்கூடத் தோன்றவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடங்களிலிருந்து சதை எடுத்தார்கள், சுட்டும் விட்டார்கள். கட்டியாக எழும்பாமல் தோல்போலப் படர்கிற வகை, விட்டிருந்தால் ஆழமாக இறங்கியிருக்கும் என்று ரிப்போர்ட் வந்தது. பிறகு வாராவாரம், குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் போடுகிற அதே மருந்தைப் பைக்குள் விட்டார்கள். எரிச்சலில் உயிர் போனது. மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால், அந்த நாட்களில் நான் கழிப்பறைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் ஊற்றிக் கழுவவேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் கையுறை போட்டுக்கொண்டு அவரே கழுவினார். என்னைக் கிட்டேயே விடவில்லை.

அடுத்த பரிசோதனையில் நீல வெளிச்சத்தில் மறுபடியும் ஓரிடம் மினுங்கியது. என் கை தானாகப் பக்கத்தில் நின்ற நர்ஸின் கையைப் பிடித்தது.

"பயப்படாதீங்க, மருந்துனால புண்ணான இடமுங்கூட இப்படி மினுங்கும். டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியுமுங்க" என்றார் டாக்டரம்மா.

ரிப்போர்ட் வரும்வரை நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெறும் புண்தான் என்று டாக்டரம்மா போனில் சொன்னதை நான் பட்டறைக்குப் போய்ச் சொன்னதும் வீட்டுக்காரர் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த செக்கப் எப்பவாமா, கண்ணு?"