லண்டன் பெட்டிக்குள் இருந்த ஊர்கள்

கண்ணாடி வால்வு சூடேறும்போது அதன் மேல் படிந்த கரிசல் தூசி பொசுங்கி ஒரு வாசம் வரும். வறுத்த மொச்சைக்கும் தீய்ந்த துணிக்கும் நடுவில் எங்கோ நிற்கிற அந்த வாசம் முதலில் வந்து, பெட்டிக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம் பிறந்து, அதற்குப் பிறகுதான் வேப்பமரத்து உச்சியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் ‘கொர்ர்’ என்று தொண்டையைக் கனைக்கும். அந்தக் கனைப்பைக் கேட்டதும் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்ச்சனம், “லண்டன் முழிச்சிருச்சு” என்று சொல்லும். லண்டன் என்றால் எங்கள் ஐயாவின், அதாவது என் அப்பாவின், ஆம்ப்ளிஃபயர் பெட்டி.

ஐயாவுக்கு வானம் பார்த்த கரிசல் நாலு ஏக்கர் இருந்தது. பருத்தி பொய்த்த ஒரு வருசம், கொழும்பிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் ஒரு பசுவையும் இரண்டு கிடாய்களையும் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கினார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல் என்று ‘மைக்செட்’ கட்டப் போவார். பெட்டியின் முன்பக்கத்துப் பித்தளைத் தகட்டில் இங்கிலாந்தில் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு அந்த எழுத்து அன்றைக்கும் பிடிபடவில்லை, இன்றைக்கும் பிடிபடாது. ஆனால் வாரம் தவறாமல் புளி போட்டு அதைத் தேய்த்துத் துலக்கியவன் நான்தான். எங்கள் வீட்டுக்கே ‘லண்டன் வீடு’ என்றுதான் பெயர்.

படிக்காததால் நான் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. அருப்புக்கோட்டையில் இன்று என் கடையில் இருக்கிற ஸ்பீக்கர்களை வெளியே எடுத்து அடுக்கினால் ஒரு தெரு காணாது. காரியாபட்டி போகிற சாலையில் மண்டபம் கட்டியிருக்கிறேன். படித்துவிட்டு வந்த எத்தனையோ பிள்ளைகள் கைவிட்ட பெட்டிகளைப் பத்து நிமிடத்தில் பேசவைத்திருக்கிறேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட என்னையே போன மாதம் ஒரு கம்பெனிக்காரன் முட்டாளாக்கிவிட்டான்.

ஊராருக்கெல்லாம் சத்தம் கொடுத்தாயிற்று, நமக்கென்று வீட்டில் உட்கார்ந்து கேட்க நல்லதாக ஒரு செட்டு வேண்டும் என்று, சென்னையில் ஒரு கடையில் சொல்லி அசல் பிரிட்டன் சாமான் என்று ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வரவழைத்தேன். அட்டைப்பெட்டி முழுக்க அந்த நாட்டுக் கொடி. பேத்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தாத்தா, வரைஞ்சதுதான் பிரிட்டனாம், செஞ்சது சீனாவாம். அடியில எறும்பு மாதிரி எழுதியிருக்கு” என்றாள். கடைக்காரனுக்கு போன் போட்டேன்.

“சார், டிசைன் முழுக்க அவங்களோடது சார். கோக்குறது மட்டும்தான் சீனாவுல.”

“அப்ப அங்கேயே கோத்தது எதுவுமே இல்லையா தம்பி?”

“இருக்கு சார், இன்னும் சில பேர் அங்கேயே செய்றாங்க. விலை எங்கேயோ நிக்கும்.”

“அதுக்குள்ள இருக்குற சாமான் எந்த ஊரு?”

“அது… பல ஊரும் வரும் சார். அதெல்லாம் யாரும் கேக்குறதில்ல சார்.”

யாரும் கேட்பதில்லையாம்! சீனாக்காரன் மட்டமாகச் செய்கிறான் என்று நான் சொல்லவில்லை. கை சுத்தமான வேலைதான், பார்த்தாலே தெரிகிறது. செய்தவன் பெயரை அடியில் ஒளித்துவிட்டு, செய்யாதவன் கொடியை முன்னால் ஏன் ஒட்டுகிறாய் என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியை ஒரு ஊரே கூடி நின்று கேட்டதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், கேட்கப்பட்டவர் என் ஐயா.

அந்த வருசம் பங்குனிப் பொங்கலுக்கு மைக்செட் பேசி முடிக்கக் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. வருசா வருசம் மூன்று நாளும் எங்கள் பெட்டிதான். வெள்ளாமை இல்லாத அந்தக் காலத்தில் வீட்டில் அடுப்பு எரிவதும் அதை நம்பித்தான். அன்றைக்குக் காரியாபட்டியிலிருந்து முத்தையா என்றொரு மைக்செட்காரர், பம்பாயிலிருந்து புத்தம் புதிதாக இறக்கிய செட்டோடு மாட்டுவண்டியில் வந்து நின்றார்.

“லண்டன் லண்டன்னு சொல்லியே எங்கண்ணன் இந்த ஊரை வளைச்சுப் போட்டிருக்காரு. மெய்யாவே லண்டன்னா சூடத்தை அணைச்சுச் சொல்லட்டும். நான் வந்த வண்டியிலேயே ஏறிப் போயிர்றேன்.”

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். எங்கள் பக்கம் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. ஊர்த்தலைவர் ஐயாவைப் பார்த்து, “என்னப்பா, அவுக கேக்குறதுலயும் நாயம் இருக்குல்ல?” என்றார். வாசற்படிக் கல்லில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தகட்டில் எழுதியிருக்கிறது, அப்புறமென்ன? “அணைங்கய்யா, அணைங்க!” என்று கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினேன்.

ஐயா கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு கல்லுக்கு முன்னால் குந்தவைத்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்:

“தகடு லண்டன். உள்ள இருக்குற இரும்புத்தட்டு லண்டன். திருகுற குமிழு ரெண்டும் லண்டன். டிரான்ஸ்ஃபார்மரு, கரண்டு கூடுதலா வந்து எரிஞ்சுபோச்சு, அது மதுரையில சுத்துனது. வால்வு நாலுல மூணு பெங்களூரு. பலகையைக் கரையான் தின்னுருச்சு, அது நம்ம ஆசாரி வாகையில செஞ்சு குடுத்தது. குழாய் பம்பாய். வயரு அருப்புக்கோட்டை…”

“ஏண்ணே, எங்க ரெட்டியபட்டியில ஒண்ணும் வாங்கலையா?” என்று ஒரு குரல் கேட்டது.

“வாங்குனேன்ப்பா. பீஸுக்கட்டை.”

கூட்டம் சிரித்து அடங்குவதற்குள் சூடம் தானாகவே எரிந்து தீர்ந்துவிட்டது. “இப்ப இது சத்தியமா, இல்லையாப்பா?” என்று தலைவருக்கே குழப்பம். ஆனால் இளவட்டங்களுக்குக் குழப்பமில்லை. பாதி லண்டனுக்கு முழுப் பம்பாயே மேல் என்று அந்த வருசப் பொங்கலை முத்தையாவுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். மறுநாளே எங்கள் வீடு ‘பலசரக்கு வீடு’ ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்ததும், “ஏலே, ஒன் மூக்கு எந்த ஊருல சுத்துனது?” என்றார்கள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொங்கல் அன்றைக்கு ஐயா முத்தையாவின் செட்டுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, “நல்லாத்தான் பேசுது” என்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சூடத்தில் கையை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும், பித்தளைத் தகடு சாட்சியாக இருந்தது, எவன் திறந்து பார்த்திருக்கப்போகிறான்? அம்மா அந்த மூன்று நாளும் கம்பங்கூழை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கரைத்தாள். நான்தான் பேசாமல் இருந்து ஐயாவைத் தண்டித்தேன், ஆடி மாதம் வரைக்கும்.

அந்த ஆத்திரத்தில்தான் வளர்ந்தேன், சம்பாதித்தேன். டவுனில் முதல் கடை போட்டபோது போர்டில் ‘லண்டன்’ என்ற சொல்லை ஆள் உயரத்துக்கு எழுதவைத்தேன். உள்ளே இருந்தது அத்தனையும் நானே மதுரையில் சாமான் வாங்கிக் கோத்தது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. திறப்புவிழாவுக்கு வந்த ஐயா போர்டை நிமிர்ந்து பார்த்தார், செருப்பைக் கழற்றாமலே வாசலோடு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். வயசாகிவிட்டது, பிழைக்கத் தெரியாத மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன். போர்டை இறக்க எனக்குப் பல வருசம் பிடித்தது. ஆகவே அந்தக் கம்பெனிக்காரன் செய்வது எனக்கு விளங்காமலில்லை. விளங்குவதால்தான் இன்னும் கூடுதலாக எரிகிறது.

புதுச் செட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றால், அது நன்றாகப் பாடித் தொலைக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நரிக்குடியிலிருந்து சம்பந்தி வந்திருந்தார். நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்டவர், முடிந்ததும், “பெட்டி எந்த ஊருங்க?” என்றார்.

பின்பக்கத்தைத் திருப்பினேன். என்னிடம் இருக்கிற எந்தத் திருப்புளிக்கும் அடங்காத நட்சத்திரத் துளைத் திருகாணிகள். நான் தொடக்கூடாது என்று அதற்குமேல் ஒரு முத்திரை. திறந்தால் வாரண்டி போய்விடும் என்று பேத்தி படித்துக் காட்டிய ஒரு சீட்டு. ஐயாவின் பெட்டியில் நாலு திருகாணிதான், பத்துக் காசை வைத்தே கழற்றிவிடலாம். எந்த ஊர்க்காரன் எதைச் செய்தான் என்று உடையவனுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே எத்தனை ஊர் இருக்கிறதென்று இன்று வாங்கியவனுக்கும் தெரியாது, விற்றவனும் சொல்ல மாட்டான்.

சம்பந்தி பதிலுக்குக் காத்திருந்தார்.

“தெரியலீங்க” என்றேன். ஒரு சத்தப்பெட்டியைப் பற்றி நான் அப்படிச் சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.