ஊருக்கே எழுதிக் கொடுத்தது

எனக்குக் கோபம் வந்தால் லேப்டாப்பை மூட மாட்டேன், அறைந்து சாத்துவேன். அந்தப் புதன்கிழமை காலையும் அப்படித்தான் சாத்தினேன். "உங்கள் பேக்கேஜில் மற்றதெல்லாம் சரி. ஆனால் இந்த ஒரு கோப்பை எழுதியவர் வேறொருவர். அவருடைய அனுமதி எங்கே?" என்று, நான் அனுப்பிய மென்பொருளை ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பவர் மடல் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலையோடு லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்புக்குக் கதவு அடைபட்டுவிடும். அதன்பிறகு எந்தப் புதுப் பேக்கேஜையும் சேர்க்க மாட்டார்கள்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஜனங்கள் கொடுக்கும் மனுக்களைக் கணினி வாசிக்கக் கேட்டு, பிரித்து, குறிப்பு எழுதி அனுப்புவாள். அந்த வாசிப்பானின் தமிழ்க்குரல் எழுத்தையெல்லாம் ஒழுங்காகப் படிக்கும், எண் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். மனுவில் எண்ணை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? சர்வே எண், தேதி, ஏக்கர் எல்லாமே எண்தானே! அதற்காகப் பைத்தான் என்ற கணினி மொழியில், எண்ணைத் தமிழில் படிக்கும் ஒரு சின்னத் துணைநிரல் எழுதி, அவளுடைய பழைய கணினியில் நானே போட்டுக் கொடுத்திருந்தேன். அது பல வருஷம் நன்றாக ஓடியது.

இப்போது அங்கே எல்லாக் கணினியும் மாறப்போகிறது. லினக்ஸின் இந்தப் புதிய பதிப்பைத்தான் ஏற்றப்போகிறார்கள். அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பதைத் தவிர வெளியிலிருந்து ஒரு துரும்பைக்கூட உள்ளே விட மாட்டார்களாம். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம், போன் எடுக்கற சீட்டுல உக்காந்துக்கங்க" என்று மேலதிகாரி அன்பாகச் சொல்லிவிட்டார். அந்த அன்பைக் கேட்டுவிட்டு வந்த அக்கா அன்று சாப்பிடவில்லை. "பரீட்சை எழுதி பாஸ் பண்ணி வந்தவடி நான்" என்று மட்டும் சொன்னாள்.

அதனால்தான் துணைநிரலை முறைப்படி பேக்கேஜாகக் கட்டி, களஞ்சியத்தில் சேர்க்கக் கிளம்பினேன். என் கணினியில் கூத்தாடிய நிரல், எதுவுமே நிறுவாத வெற்றுக் கணினியில் ஏறவே மாட்டேன் என்றது. எதெது தேவை என்று தேடித் தேடிச் சேர்த்து, ஒருவழியாக எல்லாச் சோதனையும் தேறியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அந்த ஒரு கோப்பில் வந்து நின்றது.

அதை எழுதியது என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு இப்போது தக்காளி போடுகிறார். 1.75 ஏக்கர் என்று இருந்தால் 'ஒன்று புள்ளி ஏழு ஐந்து' என்று உளறாமல், நம் ஆட்கள் சொல்கிறபடி 'ஒன்றே முக்கால்' என்று சொல்ல வைத்தவர் அவர்தான். அக்காவுக்காகத்தான் எழுதினார். அப்போது இரண்டு வீடும் ஒன்றாக இருந்தன, அனுமதி கினுமதி என்று யார் நினைத்தோம்? பிறகு கூட்டுக் கிணற்றில் எந்த நாள் யாருடைய மோட்டார் முறை என்று சண்டை வந்தது. கோயிலில் கற்பூரம் ஏற்றி, கையால் அடித்து அணைத்து, "இனி அந்த வூட்டோட பேச்சும் இல்ல, குடுக்கல் வாங்கலும் இல்ல" என்று அவர் சத்தியம் செய்துவிட்டார்.

நானே புதிதாக எழுதிவிடலாமா என்று பார்த்தேன். அவர் கோப்பை அத்தனை தடவை படித்திருக்கிறேன், எதை எழுதினாலும் அவர் எழுதியதாகவே வந்தது. வேறு வழியில்லை. அண்ணன் இருக்கும் கீழ்வீட்டுக்குப் போனேன்.

களத்தில் தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டார். அண்ணிதான் "வா கண்ணு" என்றார்.

"மேல்வூட்டுப் பாப்பா என்னத்துக்கு வந்துதாம்?" என்று அண்ணியைக் கேட்டார்.

நானும் அண்ணியைப் பார்த்தே முழுக்கதையும் சொன்னேன். மூன்று வரி எழுதிப் போட்டால் போதும் என்றேன். அவர் தூக்கிய பெட்டியைத் திரும்பக் களத்திலேயே இறக்கி வைத்தார்.

"அக்காவுக்குன்னா என்ன வேணாலும் செய்வேன்னு சொல்லு. ஆனா எழுதிக் குடுத்தா அது குடுக்கல் வாங்கல். புள்ள இருக்கற வூடு இது. கற்பூரம் அடிச்சத மீற முடியாது."

"இவ்வளவு படிச்சிட்டு என்ன பேச்சு பேசறாருன்னு கேளுங்க அண்ணி!" என்று நான் கத்திவிட்டேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போய்விட்டார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவனுக்கு போன மாசந்தான் காய்ச்சல் வந்து பொழச்சுது கண்ணு, அந்தப் பயம்" என்றார். கத்தியது எனக்கே கசந்தது.

வரப்பிலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். அவள் நிதானமாகக் கேட்டாள். "அந்த அனுமதில யாருக்குக் குடுக்கறதா எழுதணும்?"

"இதைப் பெறும் எவருக்கும்னு எழுதணும்."

"அப்ப உன் பேரு எங்கடி வருது? நம்ம வூடு எங்க வருது? தண்ணிப் பந்தல் வெக்கறவன் குடிக்கறவன் எந்த வூடுன்னா கேக்கறான்? அவரு உனக்குக் குடுக்க வேணாம். ஊருக்குக் குடுக்கட்டும். உனக்கு மடல் போடாம அந்த லினக்ஸ்காரங்க எல்லாரும் பாக்கற பொது இடத்துல போடச் சொல்லு."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பி ஓடி, அப்படியே அண்ணியிடம் சொன்னேன். சரிபார்ப்பவரின் மடலையும், பதில் போட வேண்டிய முகவரியையும் அண்ணியின் போனில் ஏற்றிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் வரவில்லை. வெள்ளி மதியமும் வரவில்லை. பொதுமடல் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அம்மா வைத்த சோறு காய்ந்து போனது. அக்கா அலுவலகத்திலிருந்து போன் செய்து "வந்துதா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

பொழுது சாயும்போது வந்தது. ஆங்கிலத்தில், வணக்கம்கூட இல்லாமல்: 'இந்தக் கோப்பை எழுதியவன் நான். இதை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். குறிப்பிட்ட எந்தக் குடும்பத்துக்கும் நான் இதைத் தரவில்லை.' கடைசி வரி சரிபார்ப்பவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கதவடைக்கும் முன் பேக்கேஜை ஏற்றுக்கொண்டார். அடியாத்தி! உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

புதுக் கணினி வந்த அன்று அக்கா போனை ஒலிபெருக்கியின் பக்கத்தில் பிடித்து எனக்குக் கேட்க வைத்தாள். யாரோ ஒருவருடைய மனு. 'ஒன்றே முக்கால் ஏக்கர்' என்றது குரல். "மனு பாக்கற சீட்டு எனக்குத்தான்டி" என்றாள்.

அடுத்த நாள் எங்கள் முறை. மோட்டார் போடக் கிணற்றுக்குப் போனேன். அண்ணன் மாட்டைக் கட்ட வந்திருந்தார். அண்ணி இல்லை. அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. பேசாமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். முளையில் கயிற்றைச் சுற்றிவிட்டு, மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அக்காவோட ஆபீஸ்ல அது பேசுதா?" என்று மாட்டைக் கேட்டார்.

நானும் மாட்டைப் பார்த்தே சொன்னேன்.

"பேசுதுங்க. ஒன்னே முக்கால்னு சொல்லுது."