அடுப்புக்கு மூன்று குடம்

எங்கள் ஊர் கடம்பூருக்குத் தெற்கே இருக்கிறது. கரிசலில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்தால், அதை வைத்து அடுத்த ஐப்பசிவரை குடிக்க வேண்டும். அந்த ஊருணிக்கு மாடக்கண்ணு காவல். சுற்றிலும் முள்வேலி, ஒரே ஒரு வழி. அந்த வழியில் பதினெட்டு வருஷமாக அவர் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் மூன்றாம் படிக்குக் கீழே இறங்கினால் முறை வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஓர் அடுப்புக்கு மூன்று குடம். ஆளை எண்ணிக் கொடுப்பதில்லை. பிள்ளைகளைத் தலை எண்ணினால் ஆகாது என்று ஊரில் எல்லோருக்கும் பயம். மாடக்கண்ணு காவலுக்கு வந்தபோது அடுப்பு நாற்பது. அப்போதெல்லாம் ஐந்து பிள்ளை பிறந்தால் இரண்டு தங்கும். பிறகு அம்மை குத்த வந்தார்கள், காலரா ஊசி போட்டார்கள், பிள்ளைகள் பிழைத்தன. நானும் அப்படிப் பிழைத்தவன்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஊருணி மட்டும் அதே அளவில் இருந்தது.

1965இல் அது பாதிகூட நிறைந்திருக்கவில்லை. பங்குனியிலேயே முறை வைத்தார்கள். மாடக்கண்ணு வீட்டில் நான்கு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள். ஒருநாள் மூத்த மருமகள் சீனித்தாய் வெறும் குடத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, இத்தன உருப்படிக்கும் மூணு குடம். குடிக்கவா, கஞ்சி காய்ச்சவா? வன்னியபெருமாள் மொதலாளி வீட்ல புருசனும் பொண்டாட்டியும்தான். அவியளுக்கும் மூணு. நீங்க ஊருக்குக் காவலா, அவிய வீட்டுக்குக் காவலா?"

மறுநாள் வீட்டில் நான்கு அடுப்பு புகைந்தது. பன்னிரண்டு குடம் வந்தது.

காவல்காரர் வீட்டில் நடந்ததை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு மூலையில் மூன்று கல் கூட்டினார்கள். தனி அடுப்பு என்றால் காவல்காரர் பார்க்கும்போது புகைய வேண்டும். அதனால் மேலே பானை இல்லாமல், எரிக்க மட்டும் எரித்தார்கள். வருஷம் முழுக்க விறகுக்கு வைத்திருக்க வேண்டிய பருத்திமார், அந்தக் காய்ந்த பருத்திச்செடி, ஆனிக்குள் தீர்ந்தது. அடுப்பு நூற்றுப் பதினேழு ஆனது. தண்ணீர் கடைசிப் படிக்கு இறங்கியது. ஐப்பசிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

மாடக்கண்ணு ஒரு காலையில் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டு அடுப்புகளில் மூன்றை உடைத்தார். பிறகு ஊர்க்கூட்டத்தில் போய் நின்றார்.

"நான்தான் மொதல்ல தப்புப் பண்ணேன். ஒடைச்சுட்டேன். நீங்களும் ஒண்ணாக் கூடுங்க. இல்லன்னா தண்ணி ஆடி தாண்டாது."

வன்னியபெருமாள் சிரித்தார். "பன்னெண்டு குடம் குடிச்சவனுக்கு இப்பதான் நியாயம் தெரியுதாக்கும். நீ ஒடைச்சா ஒம்பது குடம் மிச்சம். அத யாருக்கு ஊத்தப் போற?"

"யாருக்கும் இல்ல மொதலாளி. அது ஊருணியிலயே கெடக்கட்டும்."

"எங்க அண்ணன் வீட்ல போயி நான் எப்படித் திரும்பக் கையேந்துவேன்?" என்றான் கருத்தையா. அவன் தண்ணீருக்காகத்தான் அண்ணனிடமிருந்து பிரிந்தவன். பிரிந்த மூன்று மாதத்தில் பேச்சும் நின்றிருந்தது. கூட்டம் கலைந்தது. ஒருவரும் அடுப்பை உடைக்கவில்லை.

மாடக்கண்ணு வீட்டில் பழையபடி மூன்று குடம். பிள்ளைகள் அழுதன. சாயங்காலம் சீனித்தாய் உடைந்த இடத்தில் மறுபடி கல் கூட்டினாள். அவர் பார்த்தார், தடுக்கவில்லை.

ஆடி பதினெட்டாம் நாள் குடத்தில் சேறு வந்தது. வேட்டியில் வடிகட்டினார்கள். அதற்கும் அடுத்த வாரம் அதுவும் வரவில்லை. வேலியின் முள்ளை அடுப்பெரிக்க இழுத்துப் போனார்கள். காக்க ஒன்றும் இல்லாததால் மாடக்கண்ணுவைக் காவலை விட்டு யாரும் போகச் சொல்லவும் இல்லை. உப்புத் தண்ணீரில் வெந்த கஞ்சியைக் குடித்து அவருடைய கடைசிப் பேத்திக்கு வயிறு போனது. புரட்டாசியில் அது இறந்தது.

மகன்கள் பிழைப்புக்காகக் கோவில்பட்டிக்குப் போனார்கள், தனித்தனியே. மூத்தவன் போட்ட கார்டை மாடக்கண்ணு வாசிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை கிடைத்ததென்றும், தெருவில் ஒரே குழாய் என்றும், விடிவதற்குள் அதன் முன்னால் இருநூறு குடம் வரிசையில் நிற்கிறதென்றும் எழுதியிருந்தது.

"இருநூறா?" என்று கேட்டார்.

"ஆமா, இருநூறு."

கார்டை வாங்கி மடித்தார். வேறு எதுவும் எழுதியிருக்கிறதா என்று கேட்காமல் போய்விட்டார்.