குப்பையில் கிடைத்த புனிதர்

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் அகதியாய் வந்திருந்த பீலெஃபெல்ட் நகரில், ஒரு ஸ்பெர்ம்யூல் நாளில்தான் அந்தப் படம் அகப்பட்டது. சனங்கள் வேண்டாத கட்டில், அலுமாரியையெல்லாம் வீதியோரம் வைத்துவிடுகிற நாள் அது. எங்கள் வீட்டுத் தளபாடத்தில் பாதி அப்படி வந்ததுதான். நான் கதிரை தேடிப் போனேன். மனைவி படத்தோடு வந்தாள். நீண்ட தாடி, தோளில் கறுப்புச் சால்வை, வானத்தைப் பார்க்கிற கண்.

“இஞ்சருங்கோ, ஆரோ புனிதரப்பா!”

மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், புனிதரைக் குப்பையில் விட்டுவிட்டு வருவாளா? மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து அன்றே மெழுகுதிரி கொளுத்தினாள். எங்கள் அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றத்தில் கிடந்த காலம். “எங்களை இங்க இருக்க விடச் சொல்லுங்கோ” என்பதுதான் அவளுடைய தினசரி மன்றாட்டு.

எனக்கோ எதையும் துருவிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பெயர் தெரியாத புனிதரா? படத்தின் பின்பக்கம் விளங்காத மொழியில் இரண்டு வரி வேறு. ஒருநாள் அவள் வெளியே போன நேரம் படத்தைத் துவாயில் சுற்றி, நான் கோப்பை கழுவிய உணவகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே சமையல்காரர் ஒரு ஹங்கேரியர். வாசித்ததும் கரண்டியை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். புனிதருமில்லை, ஒன்றுமில்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரபு, ஓவியர். தன்னைத் தானே வரைந்ததாம். மீதிக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தார். நான் விடாமல் கேட்டுக்கேட்டு, கோப்பைகள் மலையாய்க் குவிந்துவிட்டன.

வீட்டில் பயந்து பயந்துதான் சொன்னேன்.

“பேரரசனுக்கு எதிரா எழும்பித் தோத்துப்போனாராம். தூக்கில போடச் சொல்ல, எல்லை கடந்து ஓடிட்டார். வெளிநாட்டில படம் கீறித்தான் சீவிச்சவராம்.”

“அட, அவரும் அகதியே!” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப எங்கட கஷ்டம் விளங்கும்தானே. அங்கேயே இருக்கட்டும். பிறகு என்ன நடந்தது?”

“மன்னிப்புக் குடுத்து ஊருக்குக் கூப்பிட்டாங்களாம். போய்ப் பாராளுமன்றத்திலயும் இருந்தவராம்.”

“திரும்பிப் போனவரோ?”

“ஓம்.”

அவள் எழும்பிப்போய்ப் படத்தில் தூசு தட்டினாள். அதன் பிறகும் மெழுகுதிரி நிற்கவில்லை.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. இருக்கலாம் என்று தீர்ப்பு! நான் கூத்தாடாத குறை. அவளும் சிரித்தாள், மெழுகுதிரி கொளுத்தினாள். பிறகு படத்தைப் பார்த்தபடி விம்மத் தொடங்கினாள்.

“ஏனப்பா அழுறாய்? கேட்டது கிடைச்சிட்டுதே!”

“ஓம், கிடைச்சிட்டுது,” என்றாள். “ஆனா அவரை ஊர் திரும்பக் கூப்பிட்டதல்லோ. எங்களை ஆரப்பா கூப்பிடப் போகினம்?”