'நோ' அமுக்கத் தெரியாத தயாளன்

தயாளன் போய்விட்டான். இன்று காலை. நெஞ்சு வலி என்றானாம், ஆட்டோவில் ஏற்றினார்களாம், ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டதாம்.

எதிரே டீ ஆடை கட்டிக் கிடக்கிறது. மூவுலகமும் நடுங்க ஒப்பாரி வைக்கக்கூடிய ஆள் நான், உங்களுக்கே தெரியும். ஒன்றும் வரவில்லை...

செங்கம் ரோட்டில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருந்தானே, அந்தத் தயாளன்தான். அதற்கு முன்பு அதே இடத்தில் பிரவுசிங் சென்டர். ஊருக்கே அதுதான் விண்வெளி நிலையம். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் சக்கரவர்த்தியாக நான் ஆட்சி செய்துகொண்டிருந்தேன்.

அவன் அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் மளிகைக் கடை. கடையில் நின்றுகொண்டு 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லவே கூடாது அவருக்கு. சர்க்கரை தீர்ந்தால் "நாளைக்கு வரும்". அவ்வளவுதான்.

தயாளன் அந்தச் சட்டத்தைக் கம்ப்யூட்டருக்கும் வைத்துக்கொண்டான்.

அந்தக் காலத்துப் பிரவுசரில் எதைத் திறந்தாலும் ஒரு பெட்டி குதிக்கும். இந்தப் புரோகிராமை உள்ளே விடலாமா, யெஸ்ஸா நோவா என்று கேட்கும். தயாளன் யெஸ். எல்லாவற்றுக்கும் யெஸ்.

"யோவ், யாரு என்னான்னு தெரியாம உள்ள உடறியே?"

"கடை வாசல்ல வந்து கேக்கறாங்க. நோன்னு எப்பிடிய்யா சொல்றது?"

பௌர்ணமிக் கூட்டம் தோற்றது போங்கள். ஈரேழு பதினாலு லோகத்து வைரஸும் அவன் சிஸ்டத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு கிரிவலம் வந்தன. ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் மலையைச் சுற்றிவந்து, டிபனும் முடித்து, கை கழுவியிருக்கிறேன்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். எல்சா அம்மா விஷயம் வரைக்கும்.

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு ரூம் எடுத்திருந்த வெள்ளைக்கார அம்மா. பல வருஷமாகப் பேசாதிருந்த மகள் அப்போதுதான் மெயிலில் பேச ஆரம்பித்திருந்தாள். தினமும் தயாளன் கடையில் வந்து படித்துவிட்டு எங்களுக்கும் செய்தி வாசிப்பார். "பொண்ணு... இன்னைக்கு கோபம் கம்மி."

ஒருநாள் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. உள்ளே புகுந்த ஏதோ ஒன்று அவர் தட்டியதையெல்லாம் எவனுக்கோ அனுப்ப, அவன் அந்த அம்மாவின் மெயில் கணக்கையே பூட்டிக்கொண்டுவிட்டான். மகளின் மெயில் விலாசம் அதற்குள்தான் இருந்தது. மனப்பாடம் இல்லை. வீட்டு விலாசத்தை மகள் அதுவரை தந்திருக்கவில்லை.

"தயா, மெயில் திரும்ப வந்துச்சா?" என்று தினமும் வந்து நிற்பார்.

"நாளைக்கு வரும்மா."

ஊருக்குத் திரும்பும் நாளில்கூட அதையேதான் சொன்னான். அவர் அவன் கையை ஒருமுறை பிடித்துவிட்டு ஆட்டோ ஏறினார். மகள் கிடைத்தாளா... இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு பெட்டி குதித்தால் தயாளன் மவுஸைத் தொடமாட்டான். நடுச்சுவரைத் தட்டுவான். நான் ஜெராக்ஸ் ராஜ்ஜியத்தைத் துறந்து, போய் நோ அமுக்கிவிட்டு வரவேண்டும். நோ அமுக்குவதற்கென்றே தனி மந்திரி வைத்திருந்த பிரவுசிங் சென்டர் பூமண்டலத்திலேயே அது ஒன்றுதான். அவன் மகள் மலருக்கு நான் அன்றிலிருந்து 'நோ மாமா'.

ரொம்ப நாள் கழித்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மச்சான் மகன் வந்திருந்தபோது சொன்னான். "அந்த பிரவுசர்லயே ஓட்டைங்க அங்கிள். நோ அமுக்குனாலும் ஒண்ணும் கிடையாது. சில பக்கத்த சும்மா திறந்தாலே போதும், கேக்காமயே உள்ள வந்துடும்."

தயாளன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான். "அப்ப அந்தம்மாவுக்கு வந்தது... என்னைக் கேட்டுட்டு வந்துச்சா, கேக்காம வந்துச்சா?"

"அத இப்ப எப்பிடிங்க சொல்றது?"

அந்தக் கேள்வியை அவன் விடவே இல்லை. போன வாரம் டீக்கடையில்கூட, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "கேக்காமதான்யா வந்திருக்கும்?" என்றான்.

"ஆமாய்யா" என்றேன்.

சற்று முன் மலர் போன் செய்தது.

"நோ மாமா... அப்பா போன் அடிச்சிக்கினே இருக்குது. அண்ணன் இருக்காரான்னு கேக்கறாங்க. எனக்கு அந்த வார்த்தை வாயில வரல மாமா. வெளிய போயிருக்காருன்னே சொல்லிக்கினு இருக்கேன்... நீங்களே எல்லாருக்கும் சொல்லிடுங்களேன்."

சொல்லிவிடுகிறேன்மா. என் இலாகாதானே.

தயாளன் அண்ணன் இல்லைங்க.

அந்த நம்பருக்கு அடிக்காதீர்கள்... பிள்ளை பாவம். சாயங்காலம் எடுக்கிறார்கள், முடிந்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள்.

சுவரைத் தட்ட வேண்டாம் தயாளா. நானே அமுக்கிட்டேன். போயிட்டு வாய்யா.